பிலவேந்திரன் வாத்தியார் கேட்கும் கேள்வி

உபன்யாசம் முடிந்து கூட்டம் கலையும்வரை பிலவேந்திரன் வாத்தியார் தூணோரமாகக் காத்திருப்பார். பிறகு முன்னால் போய்க் கைகட்டி நிற்பார். "சாமி, ஒரு சந்தேகம். ஒரு பொண்ணு தானா உசுர விட்டுட்டா, அது எங்கங்க போவும்?"

ஆரணியில் அவர் ஆங்கில வாத்தியார். கழுத்தில் மாதா பதக்கம் தொங்கும். ஆனாலும் வேதாந்தி, மசூதி ஹஜ்ரத், பகுத்தறிவுக் கட்சிக்காரர் என்று எவரையும் விடமாட்டார். வகுப்பில் இலக்கணம் பிசகாமல் பேசுகிறவருக்கு இதைக் கேட்கும்போது மட்டும் தெருப்பேச்சு வந்துவிடும்.

எழுபத்தி நாலில் அவருடைய ஒரே மகள் பாக்கியமேரியைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பதினேழு வயது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று அந்த நெசவாளர் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. "பொண்ணு தவறி வுழுந்துட்டான்னு பங்குச் சாமியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க வாத்தியாரே" என்று மாதா கோயில் உபதேசியார் காதோடு சொன்னார். வாத்தியாருக்குப் பொய் வரவில்லை. அதனால், தற்கொலைக்கு உள்ளே இடமில்லை என்று, கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, கருவேல மரத்தடியில் அவளைப் புதைத்தார்கள்.

அதன் பிறகுதான் இந்த அலைச்சல். தன் வேதத்தில் இடமில்லாத பெண்ணுக்கு வேறு எதிலாவது ஒரு மூலை கிடைக்காதா என்று பார்த்தார். "ஆத்மாவுக்குச் சாவே இல்லை, செத்தது உடம்புதான்" என்றார் ஒரு வேதாந்தி. "அந்த ஒடம்பத்தானுங்க நான் தூக்கி வளத்தேன்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் வந்துவிட்டார். ஹஜ்ரத் கண்கலங்கி, தானாக விட்ட உயிருக்குச் சொர்க்கமில்லை என்று பங்குச் சாமியார் சொன்னதையேதான் சொன்னார். செத்தால் ஒன்றுமே இல்லை என்றார் கட்சிக்காரர். அந்த வாரம் முழுவதும் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தொன்றில் ஒரு ஜெர்மன் பேராசிரியர் வந்தார். தம் நாட்டுத் தத்துவத்தையும் நம் நாட்டுத் தத்துவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர். ஆரணிக்குப் பக்கத்திலுள்ள திருமலைச் சமணர்களிடம் பேச அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. வாத்தியார் தானே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்.

மலையடியில் தரும நயினாரின் வீடு. அவருடைய அக்கா சோறு தண்ணீரை விட்டு, விரதமிருந்து உயிர் நீத்திருந்தார். ஊரே வந்து கும்பிட்டுப் போனதாம். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளுக்கான மூலை இங்கே இருக்குமோ?

"இது தற்கொலை இல்லையா?" என்று பேராசிரியர் கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"கோவத்துலயும் துக்கத்துலயும் போறதுதாங்க தற்கொல. எங்கக்கா ஆசையெல்லாம் தீந்து, எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுகினு போனாங்க. ரெண்டும் ஒண்ணாவுமா?" என்றார் நயினார்.

வாத்தியார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தங்கள் பக்கத்துப் பழைய ஞானிகள் சிலர் இப்படித் தானாக உயிர் விடுவதை மனிதனின் சுதந்திரம் என்றார்கள் என்று பேராசிரியர் விளக்கினார். அதைத் தமிழில் சொல்லிவந்த வாத்தியார் சுதந்திரம் என்ற சொல்லில் நின்றார். கிணற்று மேட்டில் ஈரப் பாவாடையோடு கிடத்தியிருந்தவள் கண்ணுக்குள் வந்தாள். பேராசிரியர் கேட்காததைத் தானாகவே கேட்டார்.

"அப்ப துக்கத்துல போன பொண்ணு இன்னாங்க ஆவும்?"

யார் பெண் என்று நயினாருக்குத் தெரியாது. "அந்தத் துக்கம் கூடவே போவுங்க. அடுத்த பொறப்புலயும் அத தூக்கிகினுதான் வரும்."

பேராசிரியர் பென்சிலோடு காத்திருந்தார். வாத்தியார் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். "எவ்வளவு தெளிவான சிந்தனை!" என்று வியந்தார் பேராசிரியர்.

பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோது அவர் மனைவி சகாயம்மாள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

அவர் கை கழுத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

"அவ நல்லா இருக்கறான்னு ஒரு வார்த்த, பொய்யாவாவது சொல்லேன்யா."

அன்றும் அவருக்குப் பொய் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், வெறுந்தரையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சகாயம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்து, செருப்பு வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.