நாற்பது எண்ணும் வரை

வீடியோ எடிட்டராக இருபத்தாறு வருஷம். ஆபீஸில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். ஆரம்பத்தில் கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளையின் கொட்டாவிகளை வெட்டிக்கொண்டிருந்தவள், அப்புறம் நிஜ மனிதர்களைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு வந்தாள். மீனவர், நர்ஸ், சுரங்கத் தொழிலாளி என்று முப்பத்தொரு பேரின் அடுப்படி வரை அவளுக்கு அத்துப்படி. அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றே போனது.

"ஊரார் கதையெல்லாம் ஒட்டித் தச்சுக் குடுக்கறியே, உன் கதையை எப்ப ஆரம்பிக்கப் போறே?" என்பாள் தங்கை.

"அதுக்கு எடுத்த ஃபுட்டேஜ் பத்தாதுடி" என்று சிரித்து மழுப்புவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பஸ் டிரைவர் கவிழ்த்துவிட்டார்.

மனைவியை இழந்தவர், ஓய்வு பெறப் போகிறவர். அவரைப் படம் எடுத்தது மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். ஜன்னல் இல்லாத அறையில் எட்டு மாதம் அதைப் பார்த்தாள். படி ஏறினால் வலது முட்டியைத் தடவிக்கொள்வார். சொல்ல வந்ததை விழுங்கும்போது இடது காதைத் தொட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்பார். டைரக்டர் அவசரக் குடுக்கை, அதோடு கேமராவை நிறுத்திவிடுவார். இரண்டு தடவை மட்டும் நிறுத்த மறந்துபோனார். இரண்டு தடவையும், நாற்பது நொடி கழித்து, மனிதர் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேமராவைப் பார்த்து, "இதையெல்லாம் யாருங்க உக்காந்து முழுசாப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று அவள் அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தனியாக வெட்கப்பட்டாள். கேமராவைப் பார்த்துப் பேசினால் வெட்டுவது வழக்கம். வெட்டினாள். வெட்டியதைத் தினமும் சாப்பாட்டு வேளையில் போட்டுப் பார்த்தாள். அவரைப் பிடித்துப்போயிற்று, இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது?

ஞாயிறு காலை படத்தைத் திரையிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் வாசலில் தனியாக நின்றார். மகள் காரை எடுத்துவரப் போயிருந்தாள். பழகிய தோஷம், இவள் நேரே போய், "முட்டி வலி தேவலையா?" என்று கேட்டுவிட்டாள்.

பழகியது அவள் மட்டும்தான். அவர் திகைத்தார். "அது படத்துல வரலையே. நீங்க யாருன்னு தெரியலைங்களே?"

"படத்தை எடிட் பண்ணது நான்தான். யாரு முழுசாப் பாக்கப் போறாங்கன்னு கேட்டீங்களே..."

"கேட்டேன், ஆமா. அதையும் காணோமே?"

"வெட்டிட்டேன். எனக்கு வேணும்னு தனியா எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். மகள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் கை மெதுவாக இடது காதுக்குப் போயிற்று.

"ஒண்ணுமில்லீங்க. வரேன்" என்று காரில் ஏறிக்கொண்டார்.

அவள் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். மகள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், அப்பாவுக்கும் போட்டுவிட்டாள். இருபத்தெட்டில் கார் கிளம்பிவிட்டது.

அவள் நாற்பது வரை எண்ணிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.