முசஃபாவிலிருந்து நடந்த ஊராட்சி

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஊராட்சியை, அபுதாபியின் முசஃபாவில் வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவர் நடத்த முடியுமா? அந்த நாட்களில் என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். ஆனால் முசஃபா தொழிலாளர் கேம்பில் எல்லோரும் சேதுபதியைப் ‘பிரசிடெண்ட்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஊரில் இருந்தபோது வார்டு தேர்தலில் நின்று பதினோரு ஓட்டில் தோற்றவர் அவர். தோற்ற கையோடு விமானம் ஏறிவிட்டார். அடுத்த முறை அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மனைவி பானுமதியை நிற்க வைத்தார்; பானுமதி ஜெயித்தார். அதற்கடுத்த தேர்தலில் பானுமதி ஊராட்சித் தலைவரே ஆகிவிட்டார். போஸ்டரில் மட்டும் சேதுபதியின் படம்தான் பெரிது.

கோடையில் முசஃபாவில் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை கிடையாது. அந்த இடைவேளையில்தான் சேதுபதி ஊரை ஆண்டார். தெருவிளக்கோ சாக்கடையோ, எதுவானாலும் பானுமதி, “அவுக பேசட்டும்” என்பார். ஊரில் அப்போது மணி இரண்டு. கிராம சபைகூட அதுவரை காத்துக் கிடக்கும்.

அன்று ஆகஸ்ட் பதினைந்து. புதுத் தண்ணீர்த் தொட்டியை எங்கே கட்டுவது என்று முடிவாக வேண்டும். தங்கள் தெருமுனையில்தான் என்று தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் சேதுபதி. கையுறையைக் கழற்றியதும் பானுமதிக்குப் போன் போட்டார்.

“கூட்டத்துக்கு ஆளுக வந்துட்டாகளா?”

“கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கே போயிட்டாக. தொட்டி கிழக்கே, காலனிக்குள்ளன்னு தீர்மானம் போட்டாச்சு.”

“என்னையக் கேக்காமயா? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“நாலு மாசமா காலனிப் பொம்பளைக குடத்தோட நம்ம தெருக் குழாயில வந்து நிக்கிறாக. நீங்க பாத்தீகளா? நான் தெனமும் பாக்குறேன். கோவம்னா திட்டிக்கங்க. கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்முருகன் சிரித்தான். “என்ன பிரசிடெண்ட், கலாஸா? பதவி போச்சா?”

“வாய மூடிட்டுத் தின்னுடா.”

சேதுபதி மறுபடி போனைக் கையில் எடுத்தார். ஒரு அதட்டல் போட்டால் பானுமதி மறுபடி கூட்டத்தைக் கூட்டிவிடுவார். ஆனால் காலனியில் எத்தனை வீடு என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. ஊருக்குப் போயே மூன்று வருடமாகிறது. அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, தொட்டி காலனிக்குத்தான். வாக்குக் குடுத்தது என் தப்பு. பானுமதிகிட்டச் சண்டைக்குப் போகாதீக. திட்டணும்னா என்னையத் திட்டுங்க.”

அண்ணன் திட்டினார். டூட்டிக்குக் கூப்பிடும்வரை சேதுபதி போனை வைக்கவில்லை.

மனைவி ஊரில் பதவியில் இருக்க, கடல் கடந்து இருந்தபடி உத்தரவு போடும் கணவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பி வையுங்கள். அவர் மனைவிக்கும்.