படகில் நான்கு இடம்

திமிங்கலம் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எனக்கு அதில் ஒரு பிடிப்பும் கிடையாது. மலாய் நாட்டு மலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுகிறவனுக்குக் கடலில் என்ன வேலை? ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்கரையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு நாள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். கரைக்குப் பக்கத்திலேயே ஒரு தாய்த் திமிங்கலமும் குட்டியும் மிதந்துகொண்டிருந்தன. குட்டி தேறும் வரை தாய் மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாதாம், பால் மட்டும் கொடுக்குமாம். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“சாப்பிடாமலேயா பால் குடுக்குது? அத நேர்ல பாக்கணுங்க,” என்றாள்.

திட்டமெல்லாம் அவள்தான் போட்டாள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் மகளைக் கூப்பிட்டு, கரையோரமாக எந்த ரோட்டில் போவது, எந்தப் பாறையில் நின்று பார்ப்பது, படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் அடிக்காது என்று குடைந்தெடுப்பாள். பிரிஞ்சாங் சந்தையில் எனக்குக் காதை மூடும் தொப்பி வாங்கினாள். குளிர் நமக்குப் புதுசா என்று கேட்டதற்கு, மலைக் குளிர் வேறு, கடல் காற்று வேறு என்று எனக்கே பாடம் எடுத்தாள். படகில் வாந்தி வருமோ என்று ஒரு பயம் மட்டும் இருந்தது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பா வரை பஸ்ஸில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். அங்கே அவளுக்கு ஒரு காரியமும் இல்லை. வயிற்றைச் சோதித்துப் பார்க்கத்தான் போனாள்.

“அத்தன வளைவையும் தாண்டிட்டேன். கடல் என்னைய ஒண்ணும் செய்யாதுலா,” என்று சிரித்தாள்.

ஒரே குறை, அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறந்தது இதே மலையில், ரிங்லெட் பக்கத்து எஸ்டேட் லயத்து வீட்டில்தான். அவள் பிறந்தவுடன் அவள் அப்பா நேரே கணக்கெழுதும் எஸ்டேட் கிராணியிடம் போய், பெண் பிறந்திருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கிராணியும் எழுதிக்கொண்டார். எழுதியது ஆயாக் கொட்டகையில் விடும் பிள்ளைகளின் புத்தகத்தில். கிராணி எழுதிவிட்டால் சர்க்காரே எழுதிய மாதிரி என்று மாமனார் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான் பிறப்புப் பத்திரமே இல்லை என்று தெரிந்தது. வருஷக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மூன்று முறை மனுப் போட்டோம், மூன்றும் திரும்பிவிட்டன. நான்காவது முறை போட்டது இந்தத் திமிங்கலத்துக்காக. நேர்காணலில் மலாய் மொழியில் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். எதிரே இருந்த அதிகாரி சிரித்தார். கதவோரம் நின்ற நான் அந்தச் சிரிப்பை அப்படியே நம்பிவிட்டேன். அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் படகில் நான்கு இடம் பிடித்து வைக்கச் சொன்னேன். லெட்டர் வரட்டும் என்றாள் இவள். கேட்டேனா? எஸ்டேட் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

லெட்டர் வந்தது. மனு ஏற்கப்படவில்லை என்று இருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் அதைக் கசக்கி எறிந்தேன், நாற்காலியை உதைத்தேன், முகம் தெரியாத அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் காகிதத்தை எடுத்து நீவிவிட்டாள்.

“போதுங்க. இனிமே மனுப் போட மாட்டேன். ஐம்பத்தி நாலு வயசாச்சு. நான் இந்த ஊருக்காரிதான்னு இன்னும் எத்தன பேருகிட்ட சொல்லிக்கிட்டு நிக்கிறது?”

சொல்லிவிட்டு அழுதாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நான் போகமாட்டேன் என்று எவ்வளவோ அடம்பிடித்தேன். அவள் விடவில்லை. “புள்ள எடம் புடிச்சு வச்சிருக்கா. நீங்க போங்க. பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்க.”

போனேன். படகில் மகள், மருமகன், நான். நான்காவது இடத்தில் என் பையை வைத்திருந்தேன். தாய்த் திமிங்கலம் எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் மேலே வந்தது. அது விட்ட மூச்சு என் முகத்தில் அடித்தது, ஒரு வீச்சத்தோடு. குட்டி அதன் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது. படகே கைதட்டியது. பார்க்க வேண்டியவள் அங்கே தூள் சலித்துக்கொண்டிருக்கிறாள், ஆசையே படாத நான் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

“அம்மாகிட்ட சொல்லாத. வீடியோவும் அனுப்பாத,” என்றேன் மகளிடம்.

“ஏம்பா? அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்களே.”

“என்னால அத வாய் விட்டுச் சொல்ல முடியாதும்மா.”

சாயங்காலம் என் மனைவியே வீடியோவில் கூப்பிட்டாள். வேலை முடிந்து முகம்கூடக் கழுவவில்லை.

“வந்துச்சாங்க?”

“வரல. காத்து ஜாஸ்தி. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டோம்.”

“ஐயோ பாவமே, அவ்ளோ தூரம் போயி ஒண்ணுமே பாக்கலியா நீங்க?” என்றாள். அதன் பிறகு அரை மணி நேரம் என்னைத் தேற்றினாள். மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

நான் வீடு திரும்பிய மறுவாரம் அவள் லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. மத்தியானம் புது மனுப் பாரத்தோடு வந்து மேசையில் விரித்தாள்.

“இனிமே போட மாட்டேன்னு சொன்னியே?” என்றேன்.

“எனக்காகப் போடலங்க. நீங்க அத பாக்காம வந்தது எனக்கு மனசே ஆறல. ஒங்களக் கூட்டிட்டுப் போயி நான் காட்டணும்லா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனா கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.