நான் சொன்ன சாட்சி

அன்று மேடையில் நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பொய் சொல்லியிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் முன் மண்டியிட்டு, "பொய் சொன்னேன் சாமி" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நிஜம் என்று நம்பிச் சொன்னதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு ஐம்பத்தொரு வயதில் கண்ணில் பிரஷர் என்று கண்டுபிடித்தார்கள். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. எழுத்து மங்குகிறதே, கண்ணாடியை மாற்றலாம் என்று ஆழ்வார்பேட்டையில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கண்ணாடியை விட்டுவிட்டு என் கண்ணுக்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறதாம். போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் படுக்கும் முன் இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து, உயிரோடு இருக்கும்வரை. "ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா" என்றார்.

அந்த மருந்து என்னைப் படுத்தி எடுத்தது. எரிச்சல், அரிப்பு, காலையில் எழுந்தால் கண் இரண்டும் கோவைப்பழம். "வீட்டுல சண்டையா மேடம்?" என்று அலுவலகத்தில் கேட்காதவர்கள் இல்லை. என் கணவர் பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தினமும் "போட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

அந்த வருஷங்களில் எனக்கு இன்னொரு குறையும் முற்றியிருந்தது. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கக்காரி. ஞாயிறு தவறாமல் சாந்தோம் கோயிலில் பூசை, வீட்டில் செபமாலை. ஆனால் ஒரு தடவையாவது எதையாவது உணர்ந்தேனா என்றால், இல்லை. பக்கத்தில் ஒருத்தி மாதா சொரூபத்தைப் பார்த்துப் பொலபொலவென்று அழுவாள். நான் மட்டும் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு தடவை முகத்தைக் காட்டினால் என்ன என்று எனக்குக் கடவுள்மேல் கோபமே வந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். "பூசைக்குப் போறோம்ல, அது போதாதா?" என்றார். எனக்குப் போதவில்லை.

அலுவலகத்தில் ஒருத்தி சொல்லித்தான் தி. நகர் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். துணிக்கடைகள் நெரியும் தெருவில், ஒரு மாடி ஹாலில், சனிக்கிழமை மத்தியானம். கீழே தள்ளுபடி விலையைக் கூவுகிற ஒலிபெருக்கி, மேலே ஸ்தோத்திரம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டேன். கடற்கரைக் குப்பத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், எனக்கு முன் வரிசையில் பூசை காண்பவள். அவளுக்கும் என்னுடைய அதே வியாதி. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு, உப்புக் காற்றிலும் வெயிலிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே மீன் வெட்டுவாள். எங்களை நெருக்கமாக்கியதே அந்த வியாதிதான்.

கூட்டத்தை நடத்தியவரை எல்லோரும் பிரதர் என்பார்கள். நல்ல குரல், நல்ல சிரிப்பு. மூன்றாவது வாரம் அவர் என் இரண்டு கண்களின் மேலும் உள்ளங்கையை வைத்து ஜெபித்தார். மூடிய கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் பரவியது. அதை நான் கற்பனை செய்யவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். ஐம்பது வருஷம் வராத அழுகை. மருந்தை நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை. "கர்த்தர் தொட்டதை ஒரு பாட்டில் வந்து முடிக்கணுமா சிஸ்டர்?" என்று மட்டும் சிரித்தார். அன்றிலிருந்து நான் பாட்டிலைத் தொடவில்லை.

பத்தே நாளில் சிவப்பு போயிற்று, எரிச்சல் போயிற்று, கண்ணாடியில் பார்த்தால் பளிச்சென்று வெள்ளைக் கண். இதற்குமேல் என்ன வேண்டும்? கணவர் கத்தினார். அதுவரை அவர் கத்தி நான் கேட்டதில்லை. "உங்களுக்கு விசுவாசம் கிடையாது" என்றேன், ரொம்ப சாந்தமாக. அந்தச் சாந்தத்தை நினைத்தால் இன்று என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை மேடையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். பைபிளில் பிறவியில் பார்வை இல்லாதவனுக்கு இயேசு ஆண்டவர் சேறு பூசிப் பார்வை கொடுத்ததைச் சொல்லி, எனக்கு அந்தச் சேறுகூடத் தேவைப்படவில்லை என்றேன். ஹால் அதிர்ந்தது. அந்த ஆளைக் குளத்துக்குப் போய்க் கண்ணைக் கழுவிவிட்டு வா என்று அனுப்பினார் என்பதும், அவன் கண் தெரியாமலே தட்டுத் தடுமாறிப் போய்க் கழுவினான் என்பதும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கடவுளைப் பார்க்கிற ஆசை அந்த மேடையில் எனக்கு இல்லை. இருநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது போதுமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மீன் வாங்கப் போனபோது அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"யக்கா, நானும் மருந்த உட்டுட்டேன். பாட்டில எட்த்து குப்பையில கடாசிட்டேன். நீ சொல்லச் சொல்ல எனக்கு உள்ளார இன்னாவோ ஆயிடுச்சிக்கா."

"ஸ்தோத்திரம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். அவள் கன்னத்தை வேறு தட்டிக்கொடுத்தேன்.

ஒன்பது மாதம் ஓடியது. லஸ் முனையில் சாலையைக் கடக்கும்போது இடதுபக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளியது. முழங்கால் கிழிந்தது. "இன்னா ஆன்ட்டி, கண்ணு தெர்ல?" என்று ஓட்டியவன் கத்தினான். எனக்கு அவன்மேல் அப்படியொரு கோபம். வண்டி எங்கிருந்து முளைத்தது என்றே எனக்குத் தெரியவில்லை என்பது வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது. கணவர் ஆட்டோ பிடித்தார்.

டாக்டரம்மா சோதனை மெஷினில் உட்காரவைத்தார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், பார்த்தால் பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரமாக ஒன்றுமே வரவில்லை. பயத்தில் நானாகவே அமுக்க ஆரம்பித்தேன்.

"வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா, காகிதத்தைப் பார்த்து. "மெஷின் கண்டுபிடிச்சிடும்மா. எப்ப மருந்தை நிறுத்துனீங்க?"

சொன்னேன். கண் வெளுத்ததையும் எரிச்சல் நின்றதையும்கூடச் சொன்னேன், அப்போதும் அதைச் சான்றாகக் காட்டுவதுபோல. அவர் திட்டவில்லை. சிவப்பும் எரிச்சலும் மருந்தால் வந்தவை, மருந்தை விட்டால் போகத்தான் செய்யும் என்றார். வியாதிக்கு வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. சத்தமில்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் இடது கண்ணில் ஓரத்துப் பார்வை முழுக்கப் போய், நடுவில் ஒரு ஜன்னல் அளவு மிச்சம். வலது கண் பரவாயில்லை. ஆக, நான் மேடையேறிச் சொன்ன அற்புதம் மருந்து போடாததுதான்.

அன்றே மருந்தை ஆரம்பித்தேன். அன்றே அவளிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. இருபது நாள் போகவில்லை. தெருமுனையைத் தவிர்த்து மாடவீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். மீன் வேண்டாம், வாயுத் தொல்லை என்று வீட்டில் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிறு பூசை முடிந்து சொல்லலாம், அவளுக்கு நிஜமாகவே குணமாகியிருந்தால் நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அவள் கண்ணில் என்ன நடக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கடைசியில் போனேன். பலகையில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடதுபக்கம் போய், இரண்டடி தள்ளி நின்றேன். அவள் நிமிரவில்லை. குனிந்து கையை ஆட்டினேன். கத்தி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.  கூப்பிட்டதும் திடுக்கிட்டு முழுத் தலையையும் திருப்பினாள்.

"இன்னாக்கா, ஆளையே காணோம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் கீது. நூல் கோக்கறேன், செதிலு தெரியுது. நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

"ஓரத்துலதான் போகும். போறது நமக்குத் தெரியாது. எனக்கும் தெரியலையே."

"அப்போ அன்னிக்கு நீ பாத்தியே வெளிச்சம், அது இன்னாது?"

அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.  "உனக்கு விசுவாசம் கொறஞ்சி போச்சி, அதான் உன்து திரும்பிடுச்சி" என்றாள். கோபமாக இல்லை, என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னாள். நான் என் கணவரிடம் பேசிய அதே சாந்தம்.

நான் மேடையில் சொன்னதை மேடையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டால்தான் நம்புவாள் என்று தோன்றியது. அந்தச் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தி. நகர் போனேன். பாட்டு தொடங்குமுன் மேடையோரம் பிரதரைப் பார்த்து, மைக் வேண்டும், எனக்குக் குணமாகவில்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"தோல்வியைச் சாட்சியா சொல்லக் கூடாது சிஸ்டர். உங்களால இன்னொருத்தர் விசுவாசம் ஆடிப்போகும்."

"என்னால இன்னொருத்தி கண்ணு போயிடும் பிரதர்."

அவர் சிரிப்பு மாறவில்லை. கீபோர்டு பையனைப் பார்த்துத் தலையசைத்தார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் வெறும் தொண்டையால் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் நான் பரிசுத்த ஆவியில் நிரம்பியிருக்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். இரண்டு பேர் வந்து அன்பாகத் தோளைப் பிடித்து என்னை உட்காரவைத்தார்கள்.

ஆனால் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், நாங்கள் பேசியதைக் கேட்டிருந்தாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "உன்ன ஏங்கா பேச உடல?" என்றாள். ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டு முனையில் இறங்கும்போது, "சரி, உன் டாக்டராண்ட வர்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆழ்வார்பேட்டைக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் அவள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். ஆண்டவரே, உம்மைப் பார்க்க வேண்டாம், இவளைப் பாரும் என்பதற்குமேல் வரவில்லை. என் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தாமதமாகச் செய்தேன்.

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் அவளுக்கு நேர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னல் திரை விலகியிருந்தது, அறை முழுக்கப் பத்து மணி வெயில். மேலே குழல் விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. மெஷினுக்கெல்லாம் அப்புறம் போகலாம் என்று சொல்லி, டாக்டரம்மா தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார்.

"என் விரல் எத்தனைன்னு சொல்லும்மா."

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"கரண்டு போச்சா டாக்டரம்மா?"

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"கரண்ட் இருக்கும்மா" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டரம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் கையால் தானே வலது கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மீன் வெட்டி வெட்டிக் கீறல் விழுந்த கை. நாலைந்து தடவை அப்படிச் செய்து பார்த்தாள். கடைசித் தடவை மூடிய கையை எடுக்காமல் இன்னொரு கையை முன்னால் நீட்டித் துழாவினாள்.

"யக்கா, எங்க கீற?"

"இங்கதான்" என்றேன். "உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்."