மேனேஜர் வந்தால் நின்றுவிடும் கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் இரும்பு உருக்கு ஆலையின் எடை மேடையில் நான் கிளார்க்காக இருந்தேன். தினமும் பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை போட்டு, கம்ப்யூட்டரில் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு முன்னால் மூன்று கிளார்க்குகளைப் பார்த்திருந்தது. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன.

தினமும் பதினொரு மணி வாக்கில் எங்கள் மேனேஜர் அறைக்கு வருவார். பருத்த உடம்பு, நல்ல மனது. வந்ததும் இரண்டு கைகளையும் மேசைமேல் பொத்தென்று ஊன்றி, "இன்னாம்மா, எத்தினி வண்டி உள்ள போச்சு?" என்பார். அந்த நொடியே திரை உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் எழுந்திருக்கக் கால் மணி நேரம் எடுக்கும். அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

முதலில் இதைத் தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரைவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, சாரு ஆபீஸ்லருந்து கெளம்பிட்டாரு. சட்டுனு என் சீட்ட எடுத்துக் குடுத்துடும்மா. அவரு வந்தா மிஷினு பயந்துகினு படுத்துக்கும்" என்றார். பின்னால் நின்ற வண்டிகளிலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

பழுது பார்க்கும் கடைக்காரர் வந்து, மேசைமேல் நின்றுகொண்டிருந்த சி.பி.யூ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் தன் மேசையில் படுக்கவைத்து ஓட்டிப் பார்த்து, "ஒண்ணுமே இல்ல மேடம், சூப்பரா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். கம்ப்யூட்டர் நின்றது.

டிரைவர்களின் பேச்சு எப்படியோ அவர் காதுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் அவர் அறைக்குள் வரவில்லை. வெயிலில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நான் உள்ள வரலம்மா. இங்கயே நின்னுகினு கேக்கறேன். எத்தினி வண்டி?" என்றார். அன்று கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் வாடிய முகத்தோடு போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மனுஷன் தன் கை ராசியைப் பற்றி இப்படிக் கவலைப்படக் கூடாது.

சனிக்கிழமை மேசையைத் துடைப்பதற்காகப் பெட்டியை அதன்மேலேயே படுக்கவைத்தேன். ஒயர்கள் எட்டியதால் அப்படியே வேலை பார்த்தேன். மேனேஜரைப் போல மேசையை நானே குத்தியும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துக் குத்தினேன். நின்றுவிட்டது. படுத்தால் சுகம், நின்றால் மயக்கம். உள்ளே ஏதோ தொங்குகிறது என்று புரிந்தது.

ஆலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். ஒரு கைப்பிடி தூசி. அதற்கு நடுவில் தீப்பெட்டி அளவில் மடிப்பு மடிப்பாக ஓர் அலுமினியக் கட்டி இருந்தது. விரலால் தொட்டேன். குழந்தையின் விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"இதாம்மா ஹீட் சிங்க்கு" என்றார் அவர். "இதுக்கு அடியில சிப்செட்டு இருக்குது. அது சூடாவும். இது மேல ஒட்டிக்கினு இருந்தாத்தான் சூட்ட இழுக்கும். பிடிச்சிருக்கற கம்பியோட ஒரு கொக்கி போர்டுலருந்து பிடுங்கிகினு வந்துட்சு. மேசைய தட்டுனா நகருது, சிப்பு கொதிச்சிப் போயி நின்னுடுது."

ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சூளூர்ப்பேட்டை டிரைவர், "எம்சீல் வெச்சி அமுக்குங்க நைனா" என்றார். அந்தப் பக்கமாகப் போன வெல்டர் நின்று, "ஒரே ஒரு பொட்டு வெல்டிங் வெச்சிடட்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் போயி வேற வேலையப் பாருங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

கட்டியை எடுத்தபோது அடியில் இருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். அவர் போர்டையே வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கொக்கியைத் திரும்ப அதன் துளையில் வைத்து ஈயம் உருக்கிப் பிடிக்கவைத்தார். ஸ்டேஷன் பக்கம் வாங்கிவந்த புதுப் பசையை நான் தாராளமாகப் பிதுக்கினேன்.

"இட்லிக்குச் சட்னியா ஊத்தற? ஒரு அரிசி அளவு போதும்மா!"

பாதியை வழித்தெடுத்தோம். கட்டியை வைத்து, கம்பியை இரண்டு கொக்கியிலும் மாட்டினோம். இப்போது அது அசையவே இல்லை.

ஆனால் இதைச் சரியாகச் சோதிக்க ஒருவரால்தான் முடியும். நானே போய் மேனேஜரைக் கூப்பிட்டேன். "வேணாம்மா, எதுக்கு வம்பு?" என்று தயங்கியவர், எலக்ட்ரீஷியன் விளக்கிச் சொன்னதும் வந்தார். மேசையில் ஒரே ஒரு விரலை வைத்தார்.

"நல்லாத் தட்டுங்க சார்" என்றேன்.

உள்ளங்கையால் தட்டினார். திரை அசையவில்லை. பிறகு வழக்கம்போல இரண்டு கைகளையும் பொத்தென்று ஊன்றினார். மேசை குலுங்கியது, பேனா ஸ்டாண்டு விழுந்தது, பிரிண்டர் தன் பாட்டுக்கு ஒரு லாரியின் சீட்டை அச்சடித்துக்கொண்டிருந்தது. வெளியே டிரைவர்கள் விசில் அடித்தார்கள். அவர் வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். அப்படி ஒரு நிற்பு.

"அப்ப நான் இல்லம்மா, அந்தக் கொக்கி" என்றார். நான் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினேன்.

"அதுக்குப் பேரு இன்னா சொன்னே?" என்று எலக்ட்ரீஷியனிடம் மூன்று முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். அன்று மாலைக்குள் கேட் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் சிப்செட் ஹீட் சிங்க் பற்றித் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஆலையில் எது பழுதானாலும், தண்ணீர் பம்ப்பாக இருந்தாலும் கேன்டீன் மிக்ஸியாக இருந்தாலும், அவர் முதலில் கேட்பது, "ஹீட் சிங்க்க பாத்தீங்களா?" என்பதுதான். பம்ப்புக்கு அது கிடையாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "பாக்கறோம் சார்" என்பார் எலக்ட்ரீஷியன், என்னைப் பார்க்காமல்.