புளியறையில் இறக்கிய எருமை

கால்நடை மருத்துவர் செண்பகவல்லி இறந்த செய்தி, தென்காசி சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாருமில்லை.

புளியறை சோதனைச் சாவடியில் நான் அவருக்கு உதவியாளராக இருந்தேன். கேரளத்துக்குப் போகும் மாட்டு லாரிகளைப் பரிசோதிப்பது எங்கள் வேலை. ஒரு சித்திரை வெயிலில் வந்த லாரியில், மாடுகள் நின்றுகொண்டிருக்க, ஓர் எருமை மட்டும் நாக்குத் தொங்கச் சரிந்து கிடந்தது.

"மாடெல்லாம் நிக்குதுல்லா மேடம். இது சண்டித்தனம் பண்ணுது" என்றார் டிரைவர்.

"மாட்டுக்கு நல்லா வேர்க்கும் அண்ணாச்சி, அதுல ஒடம்பு குளுந்துரும். எருமைக்கு அவ்வளவு வேர்க்காது. தண்ணிக்குள்ள கெடந்துதான் சூட்டை ஆத்தும். இங்கன எங்க போயி முங்கும்? எறக்குங்க."

சாப்பாட்டுக்கடைக் குழாயிலிருந்து ஓஸ் இழுத்து வந்து, அதன் கழுத்திலும் விலாவிலும் செண்பகவல்லியே தண்ணீர் விட்டார். நான் அட்டையால் விசிறினேன். நெடுநேரம் அது அசையவில்லை.

"உசுரு போயிட்டு மேடம்" என்றேன்.

"மூச்சு இருக்குல்லா. விசிறுங்க சார்."

பொழுது சாய்கையில் எருமை பின்னங்கால்களை உந்தி எழுந்தது. டிரைவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இன்னொரு முறை, திருவேங்கடம் ஊரில் நடந்த கால்நடை முகாமில் ஓர் ஆட்டுக்காரர், "நம்ம ஆடு தண்ணியே கேக்காது" என்று பெருமைப்பட்டார். செண்பகவல்லி ஓர் உலர்ந்த புழுக்கையை நசுக்கிக் காட்டினார். "ஒடம்பு தண்ணிய வெளிய விடாமப் புடிச்சு வச்சிருக்கு. கேக்கலேங்கதுக்காகத் தாகம் இல்லன்னு நெனச்சிராதீங்க."

கணவர் இறந்தபின் செண்பகவல்லி குற்றாலத்தில் தனியாக இருந்தார். சீசன் முடிந்து கடைகள் சாத்தியிருந்த ஒரு மாலை பார்க்கப் போனேன். என் மனைவியும் அதற்குள் இறந்துவிட்டிருந்தாள்.

"தனியா இருக்கது பழகிட்டா சார்?"

பழகிவிட்டது என்றேன்.

"எனக்குப் பழகல. தாங்கிக்கிடுதேன், அவ்வளவுதான்."

அதன்பின் தினமும் மதியம் போன் செய்வார். "சாப்பிட்டாச்சா சார்?" அதற்கு மேல் இருவருக்கும் பேச அதிகம் இருக்காது.

இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் அவருடைய படங்கள் இருக்கலாம். என்னிடம் அந்தச் 'சாப்பிட்டாச்சா?' என்ற கேள்விதான் மிச்சம். நேற்று மதியம், ஆய்க்குடியில் தனியாக இருக்கும் எங்கள் பழைய சகஊழியர் மாடசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன சார், திடீர்னு?"

"சும்மாதான்."

"சாப்பிட்டுட்டேன்" என்றவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.