சுல்தானுக்குத் தயிர்சாதம்

போன வாரம் அலுவலகம் விட்டு வரும் வழியில், டெல்லி ஆர்.கே.புரம் பூங்காவில் ஓர் ஊஞ்சல் காலியாக இருந்தது. பார்த்தபின் சும்மா போக முடிகிறதா? லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஆடிவிட்டேன். காவலாளி விசில் அடித்து, இது குழந்தைகளுக்கு என்று இந்தியில் திட்டிய பிறகுதான் இறங்கினேன். மழை விட்டிருந்த நேரம். உள்ளங்கை இரண்டிலும் துருச் சங்கிலியின் வாசனை. ஈர இரும்பின் வாசனைக்கும் ரத்த வாசனைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, நீங்களே ஒருநாள் முகர்ந்து பாருங்கள். எனக்கு உடனே முனிர்கா ஞாபகம் வந்துவிட்டது. முனிர்கா என்றால் சுல்தான்.

சுல்தான் ஒரு நாய். என்ன சாதி என்று கேட்காதீர்கள். அதை வளர்த்த ராஜ்பீருக்கே தெரியாது. தலை பெரியது, கழுத்து அதைவிடப் பெரியது, ஒரு காதை யாரோ சிறுவயதிலேயே கத்தரித்திருந்தார்கள். பல்கலைக்கழகப் படிப்பு முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் நான் முனிர்காவில் மூன்றாம் மாடி அறை ஒன்றில் கிடந்த காலம் அது. எங்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் பக்கத்து வீட்டு மொட்டைமாடி. இடையில் ஒரு முழம் சந்துகூட இருக்காது. கையை நீட்டினால் அவர்கள் கொடியில் காயும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த மாடித் தண்ணீர்த்தொட்டியின் குழாயில்தான் சுல்தானைக் கட்டியிருந்தார்கள்.

அது குரைக்கும். காய்கறி வண்டிக்காரரைப் பார்த்துக் குரைக்கும், எங்கள் குக்கர் விசிலுக்குக் குரைக்கும், தலைக்கு மேல் இறங்கும் விமானங்களை விமான நிலையம் வரைக்கும் விரட்டிவிட்டுத்தான் ஓயும். ஓய்வதற்குள் அடுத்த விமானம் வந்துவிடும். டெல்லியில் விமானத்துக்கா பஞ்சம்?

எனக்குப் பரவாயில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதை வேண்டுமானாலும் படிப்பவன் நான். பாடு அய்யனாருக்கு. அய்யனார் என் அறைத்தோழன், அருப்புக்கோட்டைக்காரன். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வு எழுத அவனுக்குக் கடைசி வாய்ப்பு அது. வயது வரம்பு அதோடு முடிந்தது. பக்கம் பக்கமாக எழுதிப் பழகுவான். நாய் குரைக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். நெற்றியை மேசையில் வைத்து முட்டிக்கொள்வான். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். முனிர்காவின் அந்தச் சந்துகளை நீங்கள் பார்த்ததில்லை. அங்கே பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கை ஆரம்பித்துவிடும். ஸ்கூட்டரை யார் எங்கே நிறுத்துவது என்பதற்காக ஒருவர் இன்னொருவரின் பல்லை உடைத்ததை, பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ராஜ்பீர் வீட்டில் எல்லாமே அடியில்தான் நடக்கும். தண்ணீர் மோட்டாரை உதைத்துத்தான் ஓட்டுவார். கதவைத் தோளால் இடித்துத்தான் திறப்பார். அதோடு அவர் எங்கள் வீட்டுக்காரரின் சொந்தத் தம்பி. வாய் தவறி ஒரு வார்த்தை போனால் எங்கள் பெட்டியும் படுக்கையும் சந்துக்கு வந்துவிடும்.

ஆகவே பக்குவமாகப் பேசுவதென்று முடிவாயிற்று. பேச நான் போனேன், எங்கள் இருவரில் எனக்குத்தான் இந்தி வரும் என்ற தைரியத்தில். என் இந்தி மெட்ரோ ரயிலில் கற்றது. மரியாதையாகப் பேச வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அறிவிப்புகள்தான். உடைமைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அம்மாள் சொல்வாரே, அதில் உடைமையை எடுத்துவிட்டு நாயை வைத்தேன். "க்ருபயா, அப்னே குத்தே கா த்யான் ரக்கேன்" என்றேன், கையைக் கட்டிக்கொண்டு.

ராஜ்பீர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த ஸ்டேஷனில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரவாயில்லை, காரியம் பழம் என்று நினைத்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என்னை மாடிக்கு அழைத்துப் போனார், குரைத்துக்கொண்டிருந்த சுல்தானின் விலாவில் பூட்ஸ் காலால் ஓங்கி ஓர் உதை விட்டார். ஈரச் சாக்கை அடித்தது போல ஒரு சத்தம். நாய் சுருண்டது. "லோ, சுப்" என்றார் என்னிடம். இந்தா, அடங்கிவிட்டது என்று அர்த்தம். கடையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பவரின் குரல்.

அவர் இறங்கிப் போனதும் சுல்தான் முன்பைவிடப் பலமாகக் குரைத்தது. மறுபடி ஒருமுறை, அய்யனாரின் கட்டாயத்தால், இன்னும் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். இந்தமுறை பெல்ட். நாங்கள் எவ்வளவு தன்மையாகப் பேசுகிறோமோ அவ்வளவும் அந்த நாயின் முதுகில் தடிப்பாக ஏறியது. அய்யனார் ஜன்னலை மூடினான்.

"மாப்ள, அவர்ட்ட சொன்னா நாய்க்குத்தான் அடி விழுது. இனிமே நாய்ட்டயே பேசிக்கிருவோம்" என்றான்.

அவன் பேசியது தயிர்சாதத்தில். பாக்கெட் தயிரை ஊற்றி, உப்புப் போடாமல் கரைத்து, குழம்புக் கரண்டியால் ஜன்னல் கம்பி வழியே கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தான். முதல் நாள் சுல்தான் கரண்டியையே கடித்து நெளித்தது. அந்தக் கரண்டியில் அதன்பின் சாம்பார் ஒருபக்கமாகவே வழியும். மறுநாள் மோந்து பார்த்தது. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம். நல்ல வெயில் காலம். காலையும் மதியமும் தயிர்சாதத்தை நக்கிவிட்டுத் தொட்டி நிழலில் மல்லாந்து கிடந்தது. விமானங்கள் பாட்டுக்கு இறங்கின. அய்யனார் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் பக்கத்து வீட்டு நாயை அடக்கிய தமிழர் சாமர்த்தியத்தை நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

காவல் நாய்க்கு அடுத்தவர் கையால் சோறு போடுவது அந்தச் சந்தில் எப்பேர்ப்பட்ட காரியம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெளியாள் கைச்சோறு தின்ற நாய், அவர்கள் கணக்கில், செத்த நாய். அதன் சொந்தக்காரனுக்கு அது மூக்கறுபட்ட மாதிரி. எங்கள் ஊரில் வாசலில் வந்து நிற்கிற நாய்க்குச் சோறு போடாமல் இருந்தால்தான் ஏதாவது சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ராஜ்பீரின் கூட்டாளிகள் இரண்டு பேர் பீர் பாட்டில்களோடு மாடிக்கு வந்தார்கள். சுல்தானின் ஆவேசத்தைக் காட்ட அவருக்கு ஆசை. சங்கிலியைக் குழாயிலிருந்து கழற்றி, எங்கள் ஜன்னலைக் கைகாட்டி ஏவிவிட்டார். சுல்தான் பாய்ந்தது. பாய்ந்து, கைப்பிடிச் சுவரில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, வாலை ஆட்டிக்கொண்டு அய்யனாரைப் பார்த்து முனகியது. அதற்குச் சாப்பாட்டு வேளை.

"தேரா சுல்தான் தோ மத்ராஸி ஹோ கயா" என்றார் கூட்டாளிகளில் ஒருவர், மெதுவாக. உன் நாய் மதராஸி ஆகிவிட்டது என்று. மற்றவர் பீரைத் துப்பிச் சிரித்தார்.

ராஜ்பீர் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த தண்ணீர்க்குழாய்த் துண்டை எடுத்துச் சுல்தானின் முதுகில் போட்டார். மறுபடியும் போட்டார். நாய் அலறிய அலறலில் சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. அதுவரை கடைக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாத அய்யனார், எங்கள் அறையை ஒட்டிய வராந்தாக் கட்டையில் ஏறி அந்தப் பக்கம் குதித்ததை நான் பார்த்தேன். ஓங்கிய குழாயைப் பிடிக்கப் போய்த் தோளில் வாங்கினான். வாங்கிய வேகத்தில் ராஜ்பீரின் மூக்கில் ஒரு குத்து விட்டான். ரத்தம் குபுக்கென்று வந்து அவர் வெள்ளைப் பனியனில் இறங்கியது. கூட்டாளிகள் அவன் மேல் விழுந்தார்கள். நானும் குதித்தேன். கேடயமாக இருக்கட்டும் என்று குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு குதித்தேன். முதல் அறையிலேயே மூடி ஒருபக்கம் போயிற்று, நான் ஒருபக்கம் போனேன். என் இடது காதில் அன்று முழுக்க விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.

இத்தனை கால்களுக்கு நடுவே சுல்தானுக்கு யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று எப்படித் தெரியும்? தன்மேல் விழுந்த அடிகளை அது நெருங்கிவந்த ஒரு கையிடம் திருப்பிக் கொடுத்தது. சங்கிலியைப் பிடித்து அதை ஓரமாக இழுக்கப் போன அய்யனாரின் வலது கை அது.

பல் ஒருபுறம் இறங்கி மறுபுறம் தெரிந்தது. விடவில்லை. அவன் கத்தவும் இல்லை. "எழுதுற கைடா, எழுதுற கை" என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ராஜ்பீர்தான் குழாயைப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, கழுத்துப்பட்டையை முறுக்கி நாய்க்கு மூச்சு முட்டவைத்து வாயைப் பிரித்தார். விட்டதும் சுல்தான் படியில் பாய்ந்தது. சங்கிலி படிக்குப் படி அடித்துக்கொண்டு இறங்கி, சந்தில் இழுபட்டு, எங்கோ திரும்பியது. அது திரும்பி வரவேயில்லை.

மூக்கில் ரத்தம் ஒழுக ராஜ்பீர் வண்டியை எடுத்தார். நடுவில் அய்யனார், பின்னால் நான். அரசு மருத்துவமனையில் டாக்டர் கையைப் பார்த்து, யாருடைய நாய் என்று கேட்டார். என்னுடையது என்றார் ராஜ்பீர். உன் மூக்கை யார் உடைத்தது? "இஸ்னே" என்று அய்யனாரைக் காட்டினார். அப்படியானால் போலீஸுக்கு யார் யார்மேல் புகார் கொடுக்கப்போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு இருவருமே கூரையைப் பார்த்தார்கள்.

ஊசிக்கெல்லாம் ராஜ்பீரே வண்டியில் கூட்டிப்போனார். போகும்போது ஒருநாள், சுல்தானுக்கு என்னதான் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். தயிரும் சோறும் என்று அய்யனார் சொல்ல, சிக்னலில் வண்டி நின்றதும், நான் கறி போட்டேனே என்றாராம்.

தேர்வுக்கு அய்யனார் போனான். இரண்டு விரல்கள் மடங்காமல், கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனாவைச் சொருகிக்கொண்டு எழுதினான். விடை தெரிந்தும் நேரம் போதவில்லை, தாளில் பாதி வெள்ளையாக இருந்தது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முடிவு வரும்வரைகூட இருக்கவில்லை, ஊருக்கு ரயில் ஏறிவிட்டான்.

ஊஞ்சலிலிருந்து இறங்கியவன் நேரே முனிர்காவுக்கு நடந்தேன். மொட்டைமாடி இருந்த இடத்தில் மேலும் மூன்று மாடிகள். எங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கீழே மொபைல் கவர் விற்கும் கடையில் ராஜ்பீர் உட்கார்ந்திருந்தார், மூக்கு லேசாக ஒருபக்கம் சாய்ந்து. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுகொண்டதும் பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. தன் வலது கையைத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரித்துக் காட்டி, "ஹோதா ஹை?" என்றார். அவனுக்கு மடங்குகிறதா என்று.

மடங்குகிறது என்றேன். வெளியே வந்து, சந்து முனையில் நின்று, அய்யனாரின் பழைய எண்ணை அழைத்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று, அவனுடைய ஊர்ப்பக்கத்துத் தமிழில்கூட இல்லாமல் இந்தியிலேயே, ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது.